எச்சரிக்கை லயத்து வாசலுக்கு வர வேண்டும்

“பூமி ஆடுவது சுமத்ராவில், நமக்கென்ன?” என்று தோட்டப்புறத்தில் பேசுவது வழக்கம். அந்தப் பேச்சுக்கு 2025 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒரு குட்டு விழுந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை 6.13 மணிக்கு, நம் கெமாசுக்குப் பக்கத்திலுள்ள ஜொகூர் சிகாமட்டில் 4.1 அளவில் நிலம் அதிர்ந்தது. நெகிரி செம்பிலானிலும் மலாக்காவிலும் பகாங்கின் தெற்குப் பகுதியிலும் மக்கள் அதை உணர்ந்தார்கள். அடுத்த சில நாட்களிலும் அங்கே சிறு அதிர்வுகள் தொடர்ந்தன.

இது நமக்குப் புதிதுமல்ல. 2009 நவம்பரில் நம் குவாலா பிலா வட்டாரத்திலேயே சிறு நடுக்கங்கள் பதிவாயின. அதே ஆண்டு செப்டம்பர் 30-இல் சுமத்ராவின் பாடாங் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பெரும் நடுக்கம், கடல் கடந்து நம் மேற்குக் கரையிலும் உணரப்பட்டது.

பயமுறுத்த இதை எழுதவில்லை. சிகாமட்டில் உயிர்ச்சேதம் இல்லை. சில கட்டடங்களில் கீறல் விழுந்ததோடு போயிற்று. நம் தீபகற்பத்தில் குமுறும் எரிமலையும் கிடையாது. ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஆபத்தைக் கவனிக்க நாட்டில் ஆளும் கருவியும் இருக்கின்றன. அவர்கள் அறிந்த செய்தி நம் லயத்து வாசலுக்கு எப்போது வருகிறது? யார் கொண்டு வருகிறார்கள்?

2004 டிசம்பர் 26-ஐ மறக்க முடியுமா? காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி பிளந்தது. நாகப்பட்டினக் கரையை அலை அடைய இரண்டு மணி நேரம் போல ஆயிற்று. பினாங்குக்கு வர மூன்று மணி நேரத்துக்கும் மேல். உலகின் பல மூலைகளில் கருவிகள் அந்த நடுக்கத்தைப் பதிவு செய்துவிட்டன. ஆனால் கரையில் நின்றவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். நம் நாட்டில் 68 உயிர்கள் போயின. நேரம் இருந்தது, செய்தி போகத்தான் வழியில்லை. அதன் பிறகுதான் மலேசியா 2005-இல் சுனாமி எச்சரிக்கை அமைப்பை ஏற்படுத்தியது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலநடுக்கம் இன்ன நாள், இன்ன மணிக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்று எந்தக் கருவியாலும் முடியாது. அப்படி யாராவது கைப்பேசியில் செய்தி அனுப்பினால் அது புரளி, நம்பாதீர்கள். ஆனால் அடைமழை, வெள்ளம், இடி மின்னல், கடும் வெயில் இவற்றை மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் முன்பே சொல்ல முடியும். நாமோ சொல்ல முடியாததற்குப் பயப்படுகிறோம். சொல்லப்படுவதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை!

2021 டிசம்பர் நடுவில் கொட்டிய மழையை எண்ணிப் பாருங்கள். சிலாங்கூர், பகாங்கோடு நம் மாநிலமும் வெள்ளத்தில் தவித்தது. நாடு முழுவதும் ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தவர்கள் பலர். மழை பெய்யும் என்பது தெரிந்திருந்தது. எவ்வளவு, எங்கே, எப்போது கிளம்ப வேண்டும் என்பதுதான் சாமானியனுக்குப் போய்ச் சேரவில்லை.

வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மூன்று நிறத்தில் எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் ‘வஸ்பாடா’ – விழிப்பாயிரு. ஆரஞ்சு என்றால் ‘புரோக்’ – நிலைமை மோசம். சிவப்பு என்றால் ‘பஹாயா’ – ஆபத்து. வெயிலுக்கும் கணக்குண்டு: தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை வரை போனால் முதல் நிலை, 37-ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, 40-க்கு மேல் போனால் மூன்றாம் நிலை. வடிகால், நீர்ப்பாசனத் துறை ஆற்று நீர்மட்டத்தை அளந்து வெளியிடுகிறது. இத்தனையும் பொதுமக்களுக்கு இலவசம்.

ஆனால் நடப்பது என்ன? செய்தி ஆபிசில் யாரோ ஒருவர் கைப்பேசியோடு நின்றுவிடுகிறது. அதிகாலையில் பெரட்டுக் களத்தில் இன்றைக்கு எந்த நிரை, எத்தனை குலை என்று சொல்கிறார்கள். இன்றைக்கு இடிமழை எச்சரிக்கை இருக்கிறது என்று எத்தனை இடத்தில் சொல்கிறார்கள்? செம்பனைக் குலை அறுக்க நீண்ட அலுமினியக் கம்பைத் தூக்கி நிற்பவன் தலைக்கு மேல் மின்னல் வெட்டினால் என்னாகும்? மின்னலைப் பார்த்த முப்பது வினாடிக்குள் இடிச்சத்தம் கேட்டால், அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கம்பைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடி பாதுகாப்பல்ல. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

“போயிட்டா கூலி போயிடுமே, யாரு குடுப்பா?” என்று பாட்டாளி கேட்பான். நியாயமான கேள்வி! எடைக்கும் எண்ணிக்கைக்கும் கூலி வாங்குபவன் மழையோடு மல்லுக்கு நிற்பது ஆசையாலல்ல, அடுப்பெரிய வேண்டும் என்பதால். ஆகவே எச்சரிக்கைக்காக வேலை நின்ற நேரத்தின் நட்டத்தைத் தொழிலாளி தலையில் மட்டும் கட்டக்கூடாது. தொழிற்சங்கம் கூலிப் பேச்சில் இதையும் மேசைமேல் வைக்க வேண்டும் என்பது நம் கருத்து.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, அதை முதலாளியிடம் சொல்லியும் நடவடிக்கை இல்லாவிட்டால், அவ்விடத்தை விட்டு விலக அதில் உரிமை உண்டு. நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் அந்தக் குழு இருக்கிறதா? கேளுங்கள்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிய செலவல்ல. பெரட்டில் அன்றைய எச்சரிக்கையை வாய்விட்டுச் சொல்லுங்கள். தமிழிலும் மலாயிலும், இன்று நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாளத் தோழர்களுக்குப் புரியும்படியும் பலகையில் எழுதுங்கள். தாழ்வான லயங்களிலிருந்து மக்கள் எந்த மேட்டுக்கு, எந்தப் பாதையில் போவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

நம் பங்கும் உண்டு. படித்த பிள்ளைகள் தினமும் காலையும் மாலையும் வானிலைச் செய்தியைப் பார்த்து, பெரியவர்களுக்குத் தமிழில் சொல்லட்டும். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், மருந்து இவற்றை ஒரே பையில் தயாராக வையுங்கள். தரை ஆடினால் மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளச் சின்னஞ்சிறுசுகளுக்குப் பழக்குங்கள். கோயில் திருவிழாவுக்குக் கமிட்டி போடத் தெரிந்த நமக்கு, வெள்ளத்துக்கு ஒரு கமிட்டி போடத் தெரியாதா?

வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள் முன்னோர். நாம் அணை கட்ட வேண்டாம். வரும் செய்தியை வீட்டுக்கு வீடு கடத்துவோம். அதுவே பல உயிரைக் காக்கும்.