தூணைத் தட்ட வேண்டாம்

ஹம்பி விட்டலர் கோயில் இசைத் தூண்களைத் தட்டத் தடை இருக்கிறது. சரியான தடைதான். பெரிய தூணைச் சுற்றிலும் ஒரே கருங்கல்லில் குடைந்தெடுத்த மெல்லிய கம்பத் தூண்கள் அவை. கனமும் உயரமும் மாறினால் நாதமும் மாறும். வருகிறவர் போகிறவரெல்லாம் தட்டினால் எந்தக் கல்தான் தாங்கும்?

ஆனால் பெங்களூரில் ரயிலேறி, விடியலில் ஹொசப்பேட்டையில் இறங்கி, பிள்ளைகுட்டிகளோடு போகிறவர், காவலாளியின் விசிலை மட்டும் கேட்டுத் திரும்புவது என்ன நியாயம்? நெல்லையப்பர் கோயில் தூண்களின் நாதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஏமாற்றம் இன்னும் அதிகம்.

தொல்பொருள் துறையினர் கோயிலுக்கு வெளியே, அதே அளவில் நான்கைந்து புதிய கல்தூண்களை நிறுவலாம். கல் வேலை தெரிந்த சிற்பிகளுக்கு நாட்டில் பஞ்சமில்லை. பிள்ளைகள் ஆசை தீரத் தட்டிக் கேட்கட்டும். பழைய தூண்களின் ஒலியைப் பதிவு செய்து வாசலில் ஒலிபரப்பவும் வேண்டும். அறிவிப்புப் பலகையில் தமிழும் இருந்தால் நல்லது.