கலகத்துக்குக் காலண்டர்

கார்னிவல் என்ற சொல்லைப் பார்த்தாலே நம் விமர்சகர்களுக்கு ஒரு கிறக்கம் வந்துவிடுகிறது. பக்தின் சொல்லிவிட்டார்: கோமாளி அரசனாகிறான், அதிகாரம் தலைகீழாகிறது. பிற்காலத்தில் அரசு அதை வெறும் ஊர்வலமாகச் சுருக்கிவிட்டது என்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை மட்டும் ஏனோ யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

ஜெர்மனியின் கொலோன் நகரை எடுத்துக்கொள்வோம். அங்கு இன்று நடக்கும் கார்னிவல் 1823-ல் ஊர்ப் பெரிய மனிதர்கள் கமிட்டி போட்டு ஒழுங்குபடுத்தியது. நவம்பர் 11, காலை 11 மணி 11 நிமிடத்துக்குத் தொடக்கம். தவக்காலத்துக்கு முந்திய வியாழனன்று பெண்கள் ஆண்களின் டையைக் கத்தரிப்பார்கள். ரைன் பகுதியின் பல ஊர்களில் நகரமன்றச் சாவியையும் பிடுங்கிக்கொள்வார்கள். திங்களன்று ஊர்வலம். செவ்வாய் இரவு ஒரு வைக்கோல் பொம்மையின் தலையில் எல்லாப் பாவங்களையும் ஏற்றி எரித்துவிட்டால், சாம்பல் புதனன்று எல்லாம் பழையபடி. நான் வங்கிக் குமாஸ்தா. ஆண்டுக் கணக்கு முடிக்கும் இரவில் மானேஜர் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிடுவார். மறுநாள் அவர் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். இதை யாரும் புரட்சி என்று எழுதியதில்லை.

சிரிப்பு எப்போதும் மேல்நோக்கித்தான் பாயும் என்பதும் பொய். 1934-ல் அதே கொலோன் ஊர்வலத்தில், நாட்டைவிட்டு வெளியேறும் யூதர்களைப் பரிகசித்து ஒரு வண்டி போயிற்று.

1961-ல் ஒப்பந்தம் போட்டு மேற்கு ஜெர்மனி துருக்கியிலிருந்து ஆட்களை வரவழைத்தது. 'விருந்தாளித் தொழிலாளி' என்று பெயர். 1973 ஆகஸ்டில், விடுமுறையில் ஊருக்குப் போய்த் தாமதமாகத் திரும்பிய சுமார் 300 பேரை கொலோன் ஃபோர்டு தொழிற்சாலை வேலையைவிட்டு நீக்கியது. துருக்கியர்கள் தொழிற்சங்கத்தின் அனுமதிக்குக் காத்திராமல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தலைகீழாக்கம் என்றால் எனக்கு இதுதான். காலண்டரில் இல்லாத கலகம் என்பதால் ஒரு வாரத்தில் போலீஸ் வந்து முடித்துவைத்தது.

ரைன் பகுதிக்காரரான குண்டர் வால்ராஃப் கறுப்பு விக்கும் கருவிழி லென்ஸும் மாட்டிக்கொண்டு, துருக்கியனாக நடித்துக் கூலிவேலை பார்த்து, 1985-ல் புத்தகம் எழுதினார். கொலோனின் வேஷக்காரர்கள் யாரும் இவ்வளவு நீண்ட வேஷம் கட்டியதில்லை. ஆனாலும் அவரால் விக்கைக் கழற்ற முடிந்தது. பக்கத்தில் வேலை செய்த நிஜத் துருக்கியனுக்குச் சாம்பல் புதன் கிடையாது.

அவனை 'இரு கலாச்சாரங்களுக்கிடையே தவிப்பவன்' என்று உச்சுக்கொட்டுவது இன்னொரு சோம்பேறித்தனம். அவன் எங்கும் அந்தரத்தில் தொங்கவில்லை. கொலோனில் வாடகை கொடுத்துக் குடியிருந்தான். இடைவெளி இருந்தது சட்டத்தில். வெளிநாட்டவரின் குழந்தை அங்கே பிறந்தாலும், 2000-க்கு முன் பிறப்பால் குடியுரிமை கிடையாது. துருக்கியக் குடியுரிமையைத் துறக்காமலே ஜெர்மன் குடியுரிமை பெறலாம் என்பது பொது விதியானது 2024 ஜூனில். 1961-லிருந்து எண்ணிப் பாருங்கள்.