அந்தக் கறுப்புச் சட்டையில் என்ன குற்றம் கண்டீர்கள்?



கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு திடலில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான காற்பந்துப் போட்டி நடைபெற்றது. ஏற்பாட்டாளர் யார், திடல் எது என்பதை இங்கு எழுதப்போவதில்லை. பெயர் போட்டு ஒருவரை ஏசுவதால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலிருந்து சென்ற நம் சிறுவர் அணிக்குக் குரல் கொடுக்க, முன்னாள் மாணவர்கள் பதினேழு பேர் கேஎல் சென்ட்ரலில் இரயிலேறி வந்திருந்தார்கள். எல்லாரும் ஐந்தாம் படிவம். எல்லாரும் ஒரே மாதிரியான கறுப்புச் சட்டை அணிந்திருந்தார்கள். நுழைவாயிலிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

"தம்பிங்களா, இந்தச் சட்டையோட உள்ள வரக்கூடாது. கழட்டுங்க, இல்லன்னா உள்பக்கம் வெளிய திருப்பிப் போடுங்க."

காரணம் முதுகிலிருந்த எண். 08.

அந்த எண் எதைக் குறிக்கிறது என்று நம் சமூகத்தில் தெரியாதவர் இலர். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 என்று எண்களையே பெயராகக் கொண்ட கும்பல்கள் அதில் இருந்தன. அந்தக் கும்பல்களால் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கு நான் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன். ஆகவே அந்த வாயிற்காவலரின் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்டிருந்தால் மாணவர்கள் சொல்லியிருப்பார்கள்: "நாங்க 2008ல பொறந்தவங்க அங்கிள்." அவ்வளவுதான் அந்த எண்ணின் மர்மம்.

ஒருவரும் கேட்கவில்லை. பதினேழு பேரும் சட்டையை உள்வெளியாகத் திருப்பி அணிந்துகொண்டு, தையல் பிசிறு வெளியே தெரிய, வெயிலில் நின்று கைதட்டினார்கள். அடுத்த வாரம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தபோது, "ரவுடிச் சட்டை" என்ற சொல் மூன்று முறை என் காதில் விழுந்தது. நான் இந்த இடுகையை எழுதத் துணிந்தது அந்தச் சொல்லுக்காகத்தான்.

முதலில் அந்தச் சட்டையை நீங்கள் பார்க்கவேண்டும். மார்பில் ஒரு சூளையின் புகைபோக்கி. அதன் கீழே "செங்கற்சூளை" என்ற எழுத்து. 1881ஆம் ஆண்டுத் தீயிலும் வெள்ளத்திலும் கோலாலம்பூர் அழிந்த பிறகு, அத்தாப்பு வேய்ந்த வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல் கட்டடங்கள் எழும்பின. அவற்றுக்குக் கல் சுட்ட இடம் என்பதால்தான் நம் ஊர் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. இதை வகுப்பில் சொன்னவன் நான். ஐந்தாண்டுகள் கழித்து அது ஒரு சட்டையாகத் திரும்பி வரும் என்று நினைக்கவில்லை. "செங்கல்சூளை" என்பதா, "செங்கற்சூளை" என்பதா என்று வாட்சாப்பில் இரண்டு நாள் சண்டை பிடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். புணர்ச்சி விதிக்காக மாணவர்கள் சண்டையிட்டு என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை!

புகைபோக்கியின் இருபுறமும் இரண்டு நீண்ட கைகள். அவை யாருடைய கைகள் என்று கூட்டத்தில் ஒரு தந்தை கேட்டார். ஆர். ஆறுமுகத்தின் கைகள் ஐயா. சிலாங்கூருக்கும் நாட்டிற்கும் இலக்குக் காவலராக நின்றவர், நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று அழைக்கப்பட்டவர். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற தலைமுறையைச் சேர்ந்தவர். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் போகவில்லை. 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். அவர் உருவம் பொறித்த சட்டையை எந்தக் கடையிலாவது கண்டிருக்கிறீர்களா? நான் கண்டதில்லை. பதினேழு வயதுப் பையன்கள் தாங்களே வரைந்தால்தான் உண்டு.

இனி, நாமே கடையில் காசு கொடுத்து வாங்கிக் கொடுத்த சட்டைகளைப் பார்ப்போம்.

1992 முதல் 2010 வரை லிவர்பூல் அணியின் மார்பில் இருந்தது கார்ல்ஸ்பர்க். அது பீர் நிறுவனம் என்பது அறியாத மலேசியத் தமிழன் உண்டா? குடியால் கெட்ட குடும்பங்களைப் பற்றி மேடைதோறும் முழங்கிய நாம், அந்தப் பெயர் எழுதிய சட்டையைப் பெட்டாலிங் ஸ்திரீட்டில் பேரம் பேசி வாங்கிப் பிள்ளைக்கு அணிவித்துத் தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போனோம். என் வகுப்பிலும் அதை அணிந்து ஒருவன் வந்தான். 'அழகாக இருக்கிறது' என்று நானே சொல்லியிருக்கிறேன். பீர் போய்ச் சூதாட்டம் வந்தது. இங்கிலாந்துப் பிரிமியர் லீக்கின் பல அணிகளின் மார்பைப் பந்தய நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டன. 2025-26 பருவத்தோடு அவற்றை மார்புப் பகுதியிலிருந்து நீக்குவதென அந்த அணிகளே 2023 ஏப்ரலில் முடிவெடுக்க வேண்டியதாயிற்று. அசல் சட்டைக்கு முந்நூறு வெள்ளியை ஒட்டிக் கொடுத்தவரும் உண்டு. முப்பது வெள்ளிக்குப் போலி வாங்கியவரும் உண்டு. அந்தச் சட்டையைக் கண்டு எந்த வாயிற்காவலரும் "திருப்பிப் போடு" என்று சொன்னதில்லை.

ஆதரவாளர்கள் தாங்களே சட்டை அடித்துக்கொள்வது ஏதோ நம் பையன்கள் கண்டுபிடித்த அடாவடி என்று நினைப்போருக்கு ஒரு செய்தி. 1994இல் இலண்டனில் இரண்டு இரசிகர்கள் 'பிலாசபி புட்பால்' என்ற பெயரில் சட்டை அச்சிடத் தொடங்கினார்கள். எழுத்தாளர் ஆல்பர் காம்யு இளமையில் அல்ஜியர்ஸ் நகரில் இலக்குக் காவலராக ஆடியவர். காற்பந்தைப் பற்றி அவர் சொன்ன ஒரு வாசகம்தான் அவர்களுடைய முதல் சட்டை. 2010இல் மான்செஸ்டர் யுனைடெட் இரசிகர்கள், கடன் சுமையோடு தங்கள் அணியை வாங்கிய உரிமையாளர் குடும்பத்தை எதிர்க்கப் பச்சையும் பொன்னுமான கழுத்துத் துணியை அணிந்தார்கள். 1878இல் அந்த அணி நியூட்டன் ஹீத் என்ற பெயரில் தோன்றிய காலத்து வண்ணங்கள் அவை. அவ்வாண்டு மார்ச்சில், எதிரணியான மிலானுக்கு ஆட வந்திருந்த டேவிட் பெக்கமே ஆட்டம் முடிந்ததும் அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். உரிமையாளரின் கடையில் வாங்கும் சட்டையை வைத்து உரிமையாளரை எதிர்க்க முடியாது. சொந்தத் துணி வேண்டியிருந்தது.

நம் நாட்டில் அல்ட்ராஸ் மலாயா குழுவினரின் கறுப்புச் சட்டையும் கழுத்து 'மாஃப்லா'வும் நீங்கள் அறிந்தவையே. 2010 டிசம்பரில் கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து சுசுகி கிண்ணத்தை வென்று தந்தபோது, புக்கிட் ஜாலில் அரங்கில் நாமும்தான் அவர்களோடு சேர்ந்து கத்தினோம். அன்று கறுப்பு உறுத்தவில்லை.

மறுபக்கத்தை மறைப்பது நேர்மையன்று. 2014 டிசம்பரில் ஷா ஆலாம் அரங்கில் வியட்னாம் இரசிகர்கள் தாக்கப்பட்டார்கள். 2015 செப்டம்பரில் அதே அரங்கில் பட்டாசும் புகைக்குண்டும் வீசப்பட்டு, சவூதி அரேபியாவுடனான உலகக் கிண்ணத் தகுதி ஆட்டம் 87ஆம் நிமிடத்தில் கைவிடப்பட்டது. கூட்டமாக ஒரே நிறத்தில் நிற்கும் இளைஞர்களுக்கு ஒரு வெறி ஏறக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் அவர்கள் அருகில் ஒரு பெரியவர் நிற்கவேண்டும் என்கிறேன். நாம் என்ன செய்கிறோம்? சட்டையைக் கழற்றி அனுப்பிவிடுகிறோம். அனுப்பப்பட்டவன் எங்கே போவான் என்று யோசித்துப் பார்த்தீர்களா? அவனுக்கு ஒரு பெயரும் ஓர் எண்ணும் கொடுத்து, "நீ நம்ம ஆள்" என்று தோளில் கைபோடக் காத்திருப்பவர்கள் யார் என்று அந்தப் பட்டியலை வாசித்த உங்களுக்குத் தெரியாதா?

இந்த மாணவர்கள் தவறே செய்யவில்லையா என்றால், செய்தார்கள். முதல் மாதிரியில் தேசிய அணியின் சின்னத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார்கள். நீக்கச் சொன்னேன். "எல்லாரும் போடுறாங்க சார்" என்றார்கள். அவர்களுக்கு மேத்யூ ரீட் என்பவரின் வழக்கைச் சொன்னேன். அவர் 1970 முதல் ஆர்சனல் அரங்கிற்கு வெளியே, 'இவை அதிகாரப்பூர்வமானவை அல்ல' என்று பலகை வைத்தே அணியின் பெயர் பொறித்த துணிகளை விற்றுவந்தார். அணி வழக்குத் தொடுத்தது. 2002இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2003இல் இலண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அணியே வென்றது. நெடுங்கால விசுவாசம் சட்டத்தின் முன் செல்லவில்லை. பிறர் சின்னத்தை எடுக்காதே, உன் சின்னத்தை நீயே வரை என்றேன். அப்படிப் பிறந்தவைதான் அந்தப் புகைபோக்கியும் கைகளும். பெட்டாலிங் ஸ்திரீட் போலியை வாங்கித் தந்த நாம் இவர்களுக்கு ஒழுக்கம் கற்பிக்கப் புறப்பட்டிருக்கிறோம் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது சட்டைகள் அச்சிட்டார்கள். ஒன்றுக்கு 22 வெள்ளி அடக்கம்; 30 வெள்ளி விற்பனை. எல்லாம் விற்றபின் எஞ்சியது 320 வெள்ளி. அதைக் கொண்டு சிறுவர் அணிக்கு இரண்டு பந்துகளும் காலுறைகளும் வாங்கினார்கள். வரவு செலவு முழுவதும் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. ரவுடிகள் காலுறைக்கு இரசீது ஒட்டிவைப்பார்களா?

சிலர் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்பார்கள். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் அணியை நினைத்துப் பார்க்கிறேன். 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை ஏறியது. அயல்நாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்நாட்டவரைக் கொண்டே 2021இல் ஆடியது. 2022 பருவத்தோடு விலகிவிட்டது. விலகலுக்குப் பணமும் நிருவாகமும் எவ்வளவு காரணம் என்பதை அதை நடத்தியவர்கள் பேசட்டும். நான் என்னைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த நான்கு பருவங்களில் ஜாலான் துன் சம்பந்தனில் அந்த அணியின் சட்டையை அணிந்து நடந்த ஒரு பிள்ளையை நான் பார்த்தேனா? பார்க்கவில்லை. நானும் வாங்கித் தரவில்லை. நம் வீடுகளில் அன்றும் தொங்கியவை லிவர்பூலும் மான்செஸ்டரும்தான். சென்னையில் 2014இல் சென்னையின் எஃப்சி தோன்றியதும் 'பி ஸ்டாண்ட் புளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' என்று இரசிகர் குழுக்கள் தாமாகவே முளைத்தன. நமக்கு ஓர் அணி கிடைத்தபோது நாம் வீட்டில் அமர்ந்து வார இறுதி இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த போட்டி பள்ளி விடுமுறையில் வருகிறது. ஏற்பாட்டாளருக்கு என் கைப்பட ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதினேழு பேரின் பெயரோடும் என் கைப்பேசி எண்ணோடும். அவர்கள் நிற்கும் இடத்தில் நானும் நிற்பேன், அதே சட்டையில். என் வயிற்றுக்கு ஏற்ற அளவு இருக்கிறதா என்பது வேறு பிரச்சினை. பெற்றோர்களில் இருவர் உடன் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் நான்கு பேராவது வேண்டும்.

எண்ணைப் பற்றி மாணவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். "சார், தமிழ் எண்ல போட்டா என்ன?" என்று கேட்டார்கள். ௨௦௦௮ என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பதினொரு ஆண்டுகள் தமிழ் படித்த பிள்ளைகள் அந்த எழுத்துகளை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்கள். புதிய மாதிரி அச்சகத்துக்குப் போயிருக்கிறது. இதைக் கண்டு "இது என்ன புதுக் கும்பலின் குறியீடு?" என்று யாரேனும் கேட்டால், என்னிடம் அனுப்பிவையுங்கள்.