பொட்டலத்துக்குள் ஒளிந்திருக்கும் மாத்திரை

2008-ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூரின் ஐந்து அரசு மருத்துவமனைகளில், ரத்தச் சர்க்கரை அபாய அளவுக்குத் தாழ்ந்துபோன 150 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒருவருக்கும் நீரிழிவு கிடையாது. ஒருவரைத் தவிர எல்லோரும் ஆண்கள். சர்க்கரை மாத்திரையே சாப்பிடாதவர்களின் ரத்தத்தில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்து எப்படி வந்தது? ஆண்மையைக் கூட்டும் என்று விற்கப்பட்ட மூலிகைக் குளிகைகளிலும் ஒரு போலி மாத்திரையிலும் அது கலந்திருந்தது. ஏழு பேர் நினைவிழந்த நிலையிலேயே கிடந்தார்கள். அவர்களில் நால்வர் இறந்தார்கள்.

அந்த நால்வரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. கலப்படக்காரர் மருந்தை மட்டும் கலக்கவில்லை, “என்ன சாப்பிட்டீர்கள்?” என்ற கேள்விக்கு நோயாளி சொல்லக்கூடிய பதிலையும் திருடிக்கொண்டார். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் வயாகராவைத் தொடக்கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருப்பார். ‘மூலிகைக் காபி’ குடிப்பவர் அந்த எச்சரிக்கை தனக்கென்று எப்படி உணர்வார்? வயாகராவின் மூலப்பொருளை ஒத்த ரசாயனம் காபித்தூளிலேயே இருந்ததால் 2017-இல் அமெரிக்காவில் ஒரு தயாரிப்பு திரும்பப் பெறப்பட்டது.

மூட்டுவலிப் பொடிகளின் கதை இன்னும் கொடியது. இவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாடிப்படி ஏற முடியாத பாட்டி இரண்டே நாளில் எழுந்து நடப்பார். “கைகண்ட மருந்து” என்று தெருவே பேசும். சில மாதங்களில் முகம் உப்பும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும். விஷயம் தெரிந்து பயந்து சட்டென நிறுத்தினால் அதுவும் ஆபத்து. வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டை நம்பி அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டிருக்கும். ரத்த அழுத்தம் சரிந்து ஆள் சாய்ந்துவிடலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாமல் எதைக் குறைப்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. ஊட்டச்சத்துப் பொருள்களில் ஸ்டீராய்டோ ஹார்மோனோ சேர்க்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிகள் சொல்கின்றன. இதய ஆபத்து காரணமாக 2010-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட எடைக்குறைப்பு மருந்து சிபுட்ராமினை 2011-இல் இந்தியாவும் தடைசெய்தது. ஆனால் மருந்துக்கடையை விட்டுப் போனது ‘இயற்கை’ டப்பாவுக்குள் குடியேறியது. 2007 முதல் 2016 வரை அமெரிக்காவில் பிடிபட்ட 776 கலப்படத் தயாரிப்புகளில் 317 எடைக்குறைப்புக்கானவை. அவற்றில் 269-இல் சிபுட்ராமின் இருந்தது. மொத்தத்தில் பாதிகூடத் திரும்பப் பெறப்படவில்லை. அங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊட்டச்சத்துப் பொருள்களை விற்க முன் அனுமதியே தேவையில்லை.

ஆய்வுக்கூடமும் தேடுவதைத்தான் கண்டுபிடிக்கும். மூலக்கூறில் ஒரு சிறு மாற்றம் செய்தால் வழக்கமான சோதனையிலிருந்து தப்பிவிடலாம் என்பது கலப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே, விற்றபின் தேடிப் பிடிப்பதை மட்டும் நம்பியிருப்பது தவறு. விற்பதற்கு முன்பே, ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனைச் சான்று காட்டும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்த வேண்டும்.

மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பொடி சாப்பிட்டதற்காக ஒருமுறை திட்டு வாங்கியவர் மறுமுறை வாய் திறக்க மாட்டார். கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். காலிப் பொட்டலத்தையாவது எடுத்துவரச் சொல்லுங்கள். சோதனைக்கு அதில் ஒட்டியிருக்கும் தூளே போதும்.