இருவர்க்குரிய திறந்த மோட்டார்: புதியதோ, பழையதோ?

இன்றியமையாத பொருள்களை வாங்குங்கால் மனிதர் அதிகம் யோசிப்பதில்லை. அரிசி வேண்டுமாயின் வாங்குகிறோம். குடை வேண்டுமாயின் வாங்குகிறோம். இன்றியமையாதது அன்று என்று நமக்கே நன்கு தெரிந்த ஒரு பொருளை வாங்க நினைக்கும்போதுதான் உறக்கம் கெடுகின்றது. அத்தகைய பொருள்களுள் ஒன்று, இரண்டே ஆசனங்களும், வேண்டும்போது பின்னே மடக்கிவிடத்தக்க துணிக் கூரையும் உடைய சிறிய மோட்டார் வண்டி. குடும்பத்தார் அனைவரும் அதில் ஏற இயலாது. மூட்டை முடிச்சுகளுக்கும் அதில் இடம் அரிது. எனினும் அதனைக் கண்டவுடன் முகம் மலராத வாலிபர் சிலரே. வாலிபப் பருவத்தைக் கடந்தோருள்ளும் அப்படிப்பட்டவர் பலர் இலர்.

இங்கிலாந்து தேசத்தில் ஒரு வைத்தியசாலையில் தொழில் புரியும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டில் எனக்கு ஒரு கடிதம் வரைந்தார். "ஐயா, ஐந்து வருஷமாக இவ்வாசை என்னை விடவில்லை. புதிய வண்டியைத் தவணைக் கடனில் எடுப்பதா? கையிலுள்ள பணத்திற்குப் பழைய வண்டி வாங்குவதா? அன்றி, இவ்வாசையே எனக்குத் தகாததா?" என்பன அவர் வினாக்கள். அவருக்கு யான் எழுதிய விடையையே சற்று விரித்து இங்கே தருகின்றேன். சிக்கனத்தையும் எளிமையையும் போதித்த ஒரு கல்லூரியின் சஞ்சிகையில் இப்படி ஒரு விஷயமா என்று நண்பர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். அவர்கள் முடிவுவரை வாசித்தபின் தீர்ப்புச் சொல்வார்களாக.

மூன்றாம் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆசை தகாததா என்பதற்கு அவ்வாசையின் வேரைத் தோண்டிப் பார்த்தலே வழி. வண்டியை ஓட்டுவதற்காக விரும்புகிறோமா, பிறர் நம்மைக் காண்பதற்காக விரும்புகிறோமா? பிறர் காண்பதற்காக எனின், எந்த வண்டியும் போதாது. அடுத்த ஆண்டில் அதனினும் பளபளப்பான ஒன்று அண்டை வீட்டு வாயிலில் நிற்கும். ஓட்டுவதற்காக எனின், அது நடத்தலிலும் நீந்துதலிலும் பாடுதலிலும் உள்ள இன்பம் போன்றதே. அதில் குற்றம் காண யான் துணியேன். நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருளுக்கு நாம் உக்கிராணக்காரரே என்னும் எண்ணம் இருக்கவேண்டும் என்பது மெய். ஆனால் உக்கிராணக்காரன் சிரிக்கக் கூடாது என்று ஒருவரும் விதித்திலர்.

இவ்வகை வண்டி செல்வர்க்கே உரியது என்று எண்ணுவது பிழை. அதன் சரித்திரமே இதற்குச் சான்று. 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட எம்.ஜி. டீ.சீ. என்னும் சிறு வண்டியை அமெரிக்க நாட்டினர் பெரிதும் விரும்பினர். அந்நாட்டில் இவ்வகைக்கு ஒரு வேட்கை பிறக்க அது காரணமாயிற்று. பின்னர் 1962-இல் வெளிவந்த எம்.ஜி.பீ., அதே ஆண்டில் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஆகிய இரண்டும் நடுத்தர வருவாயுடையோரின் வண்டிகளாகவே விளங்கின. எம்.ஜி.பீ. மாத்திரம் ஐந்து லட்சத்திற்கு மேல் செய்யப்பட்டது. 1980-இல் இவ்விரண்டின் உற்பத்தியும் நின்றது. எளிய விலைக்கு இருவர் செல்லும் திறந்த வண்டி இனி இல்லை என்றே பலர் நினைத்தனர்.

அக்குறையை நீக்கியது ஜப்பான் தேசம். 1979-ஆம் ஆண்டில் பாப் ஹால் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர், மாஸ்டா கம்பெனியின் கென்இச்சி யாமமோட்டோ என்பவரிடம், பழைய ஆங்கில வண்டிகளைப்போல எளியதாயும், ஆனால் பழுதுபடாததாயும் ஒன்று செய்யலாகாதா என்று கேட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1989 பிப்ரவரியில், சிக்காகோ நகரக் கண்காட்சியில் மாஸ்டா எம்.எக்ஸ்.-5 வெளிப்படுத்தப்பட்டது; அமெரிக்கர் அதனை மியாட்டா என்பர். அணுகுண்டினால் 1945-இல் பாழான ஹிரோஷிமா நகரமே அதன் பிறப்பிடம். அதன் இயந்திரம் 1.6 லிட்டர் அளவினது. பலம் ஏறத்தாழ 115 குதிரைச் சக்தி. இது பெரிய பலமன்று. ஆயினும் வண்டியின் எடை ஆயிரம் கிலோகிராமுக்கும் குறைவு. அவ்வெடையும் முன்சக்கரங்கள்மீதும் பின்சக்கரங்கள்மீதும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டது. ஆதலால் சாலையின் வளைவுகளில் அது ஓட்டுவோன் கைக்கு அடங்கிச் செல்லும். குதிரையும் ஏறியவனும் ஓருடலாதல் என்னும் பொருள்பட்ட ஒரு சொற்றொடரை அதனைச் செய்தோர் தம் குறிக்கோளாகக் கொண்டனர். 2016-இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. இருவர் செல்லும் விளையாட்டு வண்டிகளுள் இதனைப்போல் விற்பனையானது வேறொன்று இல்லை.

இனி, புதியதோ பழையதோ என்னும் வினாவுக்கு வருவோம்.

புதியதன் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. 1989-இல் அமெரிக்காவில் இவ்வண்டியின் ஆரம்ப விலை 13,800 டாலர். 2024-ஆம் ஆண்டு வண்டியின் ஆரம்ப விலை ஏறத்தாழ 29,000 டாலர். இரு மடங்காயிற்றே என்று பதற வேண்டா. இடைக்காலத்து விலைவாசி ஏற்றத்தைக் கணக்கிட்டால், அந்த 13,800 டாலர் 2024-இல் ஏறத்தாழ 35,000 டாலருக்குச் சமம். ஆகவே வண்டி உண்மையில் மலிந்திருக்கின்றது. இயந்திர பலமோ கூடியிருக்கின்றது. விபத்தில் காக்கும் காற்றுப் பைகள் முதலியனவும் சேர்ந்திருக்கின்றன. கம்பெனியின் உத்தரவாதமும் உண்டு. எவன் கையில் எவ்வாறு அடிபட்டதோ என்னும் ஐயமும் இல்லை. மொத்தப் பணத்தையும் சேமித்து வைத்து, அதே வண்டியைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வைத்திருக்க உறுதிகொண்டவர், புதியதை வாங்கினால் அவரை யான் குறைகூறேன்.

ஆனால் அப்படி வாங்குவோர் எத்தனை பேர்? இங்கிலாந்தில் பெரும்பாலோர் கைக்கொள்ளும் ஏற்பாடு வேறு. மூன்று நான்கு ஆண்டுகள் மாதந்தோறும் பணம் கட்டுவர்; இறுதியில் பெருந்தொகை ஒன்றைச் செலுத்தினாலன்றி வண்டி அவருடையதாகாது; செலுத்த இயலாதவர் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னொரு புதிய வண்டிக்கு மறுபடியும் கட்டத் தொடங்குவர். இஃது ஆயுள் முழுவதும் வாடகை கொடுப்பதற்கு ஒப்பாம். மேலும் புதிய வண்டி தன் விலையில் பெரும் பங்கை இழப்பது முதல் சில ஆண்டுகளிலேயே. அந்த இழப்பை முதல் உடையவன் ஏற்றுக்கொள்ள, நாம் பின்வந்து வாங்குவதே புத்தி. எந்த வேலைக்கும் இன்றியமையாததல்லாத ஒரு பொருளுக்காகக் கடன்படுவது, விருந்து உண்ண வீட்டை அடகு வைப்பதாகும்.

எனவே, பழையதே எளியோர்க்கு ஏற்றது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் பழையதை வாங்குவோனுக்குக் கண் வேண்டும். அது இல்லாமையால் யான் பட்ட நஷ்டத்தைச் சொல்வேன்.

சில ஆண்டுகள் அத்தேசத்தில் வாழ்ந்தபோது, யானும் அவ்வாசைக்கு ஆளானேன். பச்சை வர்ணம் பூசிய பழைய எம்.எக்ஸ்.-5 ஒன்று விலைக்கு வந்தது. மாலை வெயிலில் அது மரகதம்போல் ஒளிர்ந்தது. விற்றவர் இனிய சொல்லினர், தேநீரும் கொடுத்தார். யான் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டேன். கூரையை மடக்கிப் பார்த்தேன். குனிந்து அடியைப் பார்த்தேன் இல்லை. 1,800 பவுன் கொடுத்து வாங்கி வந்தேன். நான்கு மாதம் கழித்து, வருடாந்தரச் சர்க்கார் பரிசோதனையில், வண்டியை உயர்த்திப் பார்த்தவர் கதவின் கீழே ஓடும் பக்கச் சட்டத்தைக் கருவியால் மெல்லத் தட்டினார். வர்ணம் அப்பளம்போல் நொறுங்கிக் கீழே விழுந்தது. உள்ளே இரும்பு இல்லை, துருவே இருந்தது. இருபுறமும் வெட்டி எறிந்து புதுத் தகடு பற்றவைக்க 900 பவுன் ஆயிற்று. அன்று வீட்டிற்குப் பஸ்ஸில் திரும்பினேன். ஊரில் என் தம்பியின் படிப்புக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு அவ்வாண்டு தகட்டுக்குச் சென்றது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனை.

அத்துரு எங்ஙனம் வந்தது என்பதைப் பின்பு கற்றேன். துணிக் கூரையின்மேல் விழும் மழைநீர், ஆசனங்களின் பின்னேயுள்ள இரு வடிகுழாய்கள் வழியாக இறங்கி, பின்சக்கரங்களுக்கு முன்னே வெளியேற வேண்டும். மரத்தடியில் நிறுத்திய வண்டியில் சருகும் மண்ணும் அவ்வடிகால்களை அடைத்துவிடும். நீர் பக்கச் சட்டத்தின் உள்ளே தேங்கும். குளிர்காலத்தில் பனிக்கட்டியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு வெளியிலிருந்து தாக்கும். உள்ளிருந்து நீரும் வெளியிலிருந்து உப்பும் அரிக்க, இடையில் உள்ள இரும்பு என் செய்யும்? ஆண்டுக்கு இருமுறை ஒரு மெல்லிய கம்பியால் குழாய்களைத் துலக்கியிருந்தால், அந்த 900 பவுன் செலவாகியிராது.

ஆதலால் வாங்கச் செல்வோர் கவனிக்க வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்வேன். முதலில் அடியைப் பாருங்கள். வர்ணத்தைப் பின்பு பார்க்கலாம். பின்சக்கரத்தின் முன்னுள்ள பக்கச் சட்டத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறை வண்டிகளில், இயந்திரத்தின் அடியிலுள்ள முன் சட்டங்களும் துருவுக்கு இரையாகும். அவற்றையும் ஆராய வேண்டும். முதல் இரு தலைமுறைகளின் இயந்திரத்தில் உள்ள டைமிங் பெல்ட்டை ஏறத்தாழ 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்; மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். 1991-க்கு முந்திய ஆதி வண்டிகள் சிலவற்றில் கிராங்க் தண்டின் முன்முனை குறுகியது. அங்கே பொருந்திய சக்கரம் தளர்ந்து தண்டையே தேய்த்துவிடும். கூரையின் பின்கண்ணாடி முதல் தலைமுறையில் பிளாஸ்டிக்கால் ஆனது. வெயிலிலும் மடிப்பிலும் அது மங்கி வெடிக்கும். ஆசனத்தின் பின்னே கம்பளத்தைத் தொட்டு ஈரம் உண்டா என்று பாருங்கள். இங்கிலாந்தில் உள்ளோர்க்கு மற்றொரு வசதியும் உண்டு: வண்டியின் பதிவு எண்ணைக் கொண்டு, அதன் பழைய பரிசோதனை முடிவுகளைச் சர்க்காரின் இணையதளத்தில் செலவின்றிப் பார்க்கலாம். சென்ற ஆண்டில் துரு என்று எழுதிய குறிப்பு இவ்வாண்டில் காணாமற் போயிருப்பின், யார் செப்பனிட்டார், எங்கே செப்பனிட்டார் என்று கேட்பது மரியாதைக் குறைவன்று.

வேறு வண்டிகளும் உள. பழைய எம்.ஜி.பீ. கைத்தொழிலில் விருப்பமுடையோர்க்கு நல்லது. அதன் உறுப்புகள் பெரும்பாலும் இன்றும் கிடைக்கும். ஆனால் அது நாள்தோறும் பராமரிப்பு வேண்டும் முதியவர் போன்றது. 1999-இல் வந்த டொயோட்டா எம்.ஆர்.2, இயந்திரம் நடுவில் அமைந்த நல்ல வண்டி. ஒரு பெட்டி வைக்கவும் இடமில்லை என்பதே குறை. 1995-இல் வந்த எம்.ஜி.எஃப். விலை மலிவு, அதன் இயந்திரத்தின் தலைக் கேஸ்கட் பழுதுபடுதல் யாவரும் அறிந்தது. ஹோண்டா எஸ்2000 அருமையானது. ஆனால் 2009-இல் உற்பத்தி நின்றபின் விலையேறி, எளியோர் கைக்கு எட்டாததாயிற்று. பழைய போர்ஷே பாக்ஸ்டர் விலை குறைந்து கண்ணைக் கவரும். ஆனால் அதன் 2008 வரையுள்ள இயந்திரங்களில் ஒரு சிறு பேரிங் உடைந்தால் இயந்திரமே பாழாம். வாங்கும் விலை குறைந்தது என்பதால் பராமரிக்கும் செலவும் குறைந்துவிடாது. யானை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டுக் கரும்புக்கு அலைவானேன்?

நம் மாணவருக்கு யான் எழுதிய முடிவு இது. இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்பதை வாங்குமுன் விசாரித்து அறிக. இளைஞர்க்கு அது வண்டி விலையையே எட்டிப் பிடிக்கும். கையிலுள்ள பணத்தை நான்கு பங்கிட்டு, மூன்று பங்கிற்கு வண்டி வாங்குக; நான்காவது பங்கைத் துருவுக்கும் பெல்ட்டுக்கும் வைத்திருக்க. ஊருக்கு அனுப்பவேண்டிய பணத்தில் ஒரு காசும் தொடற்க. கூடுமாயின் மழை பெய்யும் குளிர்காலத்தில் வாங்குக. அப்போது திறந்த வண்டியைத் தேடுவோர் குறைவு, கூரை ஒழுகுவதும் உடனே தெரியும். உடன் ஒரு நண்பரை அழைத்துச் செல்க. ஆசைப்பட்ட கண்ணுக்குத் துரு தெரியாது.

அவர் ஏழு மாதம் காத்திருந்து, சென்ற தை மாதத்தில், 2006-ஆம் ஆண்டு வண்டி ஒன்றை ரொக்கத்திற்கு வாங்கினார். முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின், தனியே வாழும் மூதாட்டி ஒருவரைப் பக்கத்து ஆசனத்தில் இருத்தி, கூரையைத் திறந்து, கடற்கரைச் சாலையில் அழைத்துச் சென்றதாக எழுதியிருந்தார். அம்மூதாட்டி தம் இளமையில் இத்தகைய வண்டியில் ஏறியவராம். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாராம். இருவர்க்கே இடமுள்ள வண்டியில் இரண்டாம் இடத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் ஒரு கேள்வியன்றோ? அதற்கு அவர் நல்ல விடை கண்டார். வடிகுழாய்களைத் துலக்க மறவாதிருப்பாராயின், அவ்வண்டி இன்னும் பல்லாண்டு அவருக்கு உழைக்கும்.