மிச்சமாகும் நீர் யாருக்கு?

பாசன நீரைக் குழாய்வழியே அழுத்தத்தோடு ஒரு ஹெக்டேர் அளவிலான வயல்வரைக்கும் கொண்டு சேர்ப்பதற்கென 1,600 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில் அனுமதி வழங்கியதிலிருந்து, தெளிப்பு நீர்ப் பாசனத்தின் மகிமையைப் பிரஸ்தாபிக்காத வேளாண் மேடை இல்லை என்றாகிவிட்டது. சென்னையை அடுத்த பூந்தமல்லிக்கு மேற்கே, திருமழிசை, நேமம் பக்கங்களில் எஞ்சியிருக்கும் சாகுபடிக்காரர்களை அந்த உற்சாகம் தொற்றவில்லையென்றால், அதற்கு அவர்களுடைய அறியாமை காரணமன்று.

கருவிகளிடம் எனக்கு விரோதமில்லை. குழாய்களைக் கோத்து இடம்விட்டு இடம் நகர்த்தும் தெளிப்பான் வேர்க்கடலைக்கு உகந்தது. நுண்துளியாய் விழும் மினி ஸ்பிரிங்ளர் கீரைக்கும் நாற்றங்காலுக்கும் ஏற்றது. ரெயின்கன் பரந்த நிலத்துக்குப் பொருந்தும் என்றாலும், பிற்பகலில் கடற்காற்று எழும் இந்தப் பிரதேசத்தில் தன் நீரில் ஒரு பங்கை அடுத்தவன் வரப்புக்குத் தானம் செய்துவிடும். மல்லிகைக்கோ சொட்டு நீரே போதும். சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதமும் ஏனையோருக்கு எழுபத்தைந்து சதவீதமும் மானியம் தரும் நம் மாநில அரசு, இவற்றில் எதையும் மறுக்கவில்லை என்பதும் உண்மையே.

ஆனால் ஒரு கணக்கை யாரும் போடுவதில்லை. ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் நிறுத்த ஏறத்தாழ 1,03,000 லிட்டர் வேண்டும். 2007-இல் திறக்கப்பட்ட செம்பரம்பாக்கம் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் திறனோ நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர். அதாவது, ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் ஓர் அங்குலம் நனைக்கக்கூடிய நீரைச் சென்னை நகரம் ஒரே நாளில் குடித்துக் குளித்துக் கழுவிவிடக்கூடும். இந்தப் பிரவாகத்தின் அருகே உட்கார்ந்துகொண்டு, அரை ஏக்கர் கீரைக்காரனுக்குச் சிக்கனத்தைப் போதிப்பதைப் பரிகாசம் என்றல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

சிக்கனத்தால் நிலத்தடி நீர் தானே உயர்ந்துவிடும் என்போர் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தைப் பார்க்கட்டும். அங்கே சுழலும் பாசனக் குழாய்களில் தாழத் தொங்கும் திறன்மிக்க முனைகளைப் பொருத்த மானியம் தரப்பட்டது. விவசாயிகள் அதிக நீர் கேட்கும் பயிருக்கு மாறியதால், உறிஞ்சிய நீர் குறைவதற்குப் பதிலாகக் கூடியதென்று 2014-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. இங்கே கூடுதலாக இறைக்க விவசாயிக்கு நிலமில்லை; ஆனால் நகரத்துக்கு நீர் ஏற்றிச் செல்லும் லாரி இருக்கிறது. அவன் விட்டுவைத்த ஊற்றைப் பக்கத்துக் கிணற்றிலிருந்து டேங்கர் உறிஞ்சிச் சென்றால், 1987-ஆம் ஆண்டின் சென்னை நிலத்தடி நீர்ச் சட்டம் வேடிக்கை பார்க்கும். வாதிப்பவர்கள் வாதிக்கட்டும், மானியக் குழாய் விற்பவர்களுக்கும் அவர்களுடைய துண்டுப்பிரசுரத்தை மனப்பாடம் செய்த அதிகாரிகளுக்கும் பதில் சொல்வது வீண் சிரமம்.

பூண்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் விவசாயக் கிணறுகளிலிருந்து சென்னைக் குடிநீர் வாரியமே நீரை விலைக்கு வாங்கியிருக்கிறது. ஆகையால் விவசாயியின் நீருக்கு விலை உண்டென்பது சர்க்கார் அறிந்த விஷயம். அவன் மிச்சப்படுத்தும் ஒவ்வோர் அங்குலமும் அவன் பெயரில் பதிவாகி, நகரம் எடுத்துக்கொள்ளும்போது அதற்குரிய பணம் அவன் கைக்கு வரும்வரை, பூந்தமல்லி வட்டத்தில் ஒரு தெளிப்பானைக்கூட இறக்க அனுமதிக்கலாகாது.