உடைபடும் அச்சு

நம் இலக்கியக் கட்டுரைகளில் சோழர் காலச் செப்புத்திருமேனிகள் அடிக்கடி வருகின்றன. நடராசரின் தூக்கிய திருவடி வருகிறது, உமையின் இடைவளைவு வருகிறது, பிரபஞ்ச நடனம் வருகிறது. உலையும் மெழுகும் மண்ணும் அநேகமாக வருவதில்லை. பக்தியையும் அழகியலையும் எடுத்துக்கொண்டு, அவற்றைச் சாத்தியமாக்கிய தொழிலறிவைப் பட்டறை வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். இந்தப் பாராமுகத்துக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது என்பதே என் தரப்பு.

மீன்சுருட்டியிலிருந்து சில கிலோமீட்டரில் கங்கைகொண்டசோழபுரம். முதலாம் ராஜேந்திரன் எழுப்பிய அக்கோயிலின் போகசக்தியும் சுப்பிரமணியரும் சோழர் வார்ப்புக்கலையின் உச்சங்களில் வைத்து எண்ணப்படுபவை. தெற்கே அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து, கும்பகோணம் தாண்டினால் சுவாமிமலை. அங்கே ஸ்தபதிகள் இன்றும் அந்த மரபில் வார்க்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் உருவத்தை முழுமையாகச் செய்துகொள்கிறார்கள். காவிரி வண்டலை அதன்மேல் படலம் படலமாகப் பூசி உலர்த்துகிறார்கள். பிறகு சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபின் மண்ணை உடைத்தால்தான் உருவம் வெளிப்படும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. இரண்டாவது திருமேனி வேண்டுமென்றால் மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

பொறியியல் உலகம் இதையே இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் என்கிறது. வண்டல்மண்ணின் இடத்தில் பீங்கான் குழம்பு. மற்றபடி வரிசை ஒன்றுதான். ஆயிரக்கணக்கில் பாகங்கள் தேவையென்றால் உலோக அச்சு ஒன்று செய்து, அதற்குள் மெழுகைச் செலுத்தி மெழுகுருக்களை எடுப்பார்கள். ஆனால் புதிய இயந்திரம் ஒன்றின் முன்மாதிரிக்கு ஐந்து பாகம் போதும் என்றால் அந்த உலோக அச்சின் செலவு கட்டுப்படியாகாது. அதனால் இப்போது கணினி வரைபடத்திலிருந்து முப்பரிமாண அச்சுப்பொறியில் மெழுகுருவை நேரடியாகவே எடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரு தனி உரு. புதுமை என்று கொண்டாடப்படும் இந்த இடத்தில்தான் சுவாமிமலைப் பட்டறை தலைமுறைகளாக நின்றுகொண்டிருக்கிறது.

வார்ப்பின் மறுகோடியையும் பார்க்கலாம். ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம், ஹெலிகாப்டர் என்ஜினுக்கான ஒற்றைப்படிக விசிறித் தகடுகள் அறுபதை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துக்கு வழங்கியதாக 2021ல் அறிவிக்கப்பட்டது. கடும் வெப்பத்தில் சுழல வேண்டிய அந்தத் தகடும் மெழுகு உருகி ஓடிய பீங்கான் கூட்டுக்குள்தான் பிறக்கிறது. ஒரு சில நாடுகளுக்கே கைவந்த வித்தை அது.

பழைய வார்ப்பு கைப்பழக்கம் மட்டுமே, அதில் கணக்கு ஏது என்று கேட்பவர்கள் உண்டு. சோழர்களின் பகைவரான மேலைச் சாளுக்கிய மரபில் வந்த மூன்றாம் சோமேசுவரன், 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த மானசோல்லாசத்தில் இம்முறையை எழுதிவைத்திருக்கிறான். மெழுகுருவை எடைபோட வேண்டும். வெள்ளியில் வார்ப்பதானால் அதைப்போல் பன்னிரண்டு மடங்கும், பொன்னில் வார்ப்பதானால் பதினாறு மடங்கும் உலோகம் எடுக்க வேண்டும் என்கிறது அந்நூல். மெழுகின் எடையைக் கொண்டு உலோகத்தின் தேவையைக் கணிக்கும் இந்த வழக்கம் இன்றைய வார்ப்படச் சாலைகளிலும் உண்டு. உலோகம் எந்த வழியாக உள்ளே போக வேண்டும், காற்று எந்த வழியாக வெளியேற வேண்டும், எந்தப் பகுதி கடைசியில் உறைய வேண்டும் என்பதெல்லாம் தெரியாமல் கனமான திருமேனியைப் பழுதில்லாமல் வார்க்க முடியாது. இத்தனை அறிவையும் நம் அரசு ஆவணம் எந்தப் பெட்டியில் போட்டிருக்கிறது? சுவாமிமலை வெண்கலத் திருமேனிகளுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு ‘கைவினைப் பொருள்’ என்ற வகையில் இருக்கிறது.

அச்சு உடைவதன் பொருளை நமக்கு உணர்த்தியிருக்க வேண்டிய சம்பவம் இதே அரியலூர் மாவட்டத்தில்தான் நடந்தது. ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலின் நடராசர் 2006ல் களவுபோனார். 2008ல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அவரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்துவைத்திருந்த புகைப்படங்களோடு ஒப்பிட்டதில் உண்மை வெளிப்பட, 2014 செப்டம்பரில் திருமேனி இந்தியா திரும்பியது. ஒரே அச்சில் நூறு நடராசர்கள் வார்க்கப்பட்டிருந்தால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இருந்திருக்காது. ஒவ்வொரு மெழுகும் ஒரு முறைதான் என்பதால் ஒவ்வொரு திருமேனிக்கும் தனி முகம், தனி மேடுபள்ளம். சாட்சி சொன்னது புகைப்படம் என்றாலும், சாட்சியத்தைப் பதித்துவைத்தது தொழில்முறை. மீட்பைக் கொண்டாடிய நம் எழுத்துகளில் இது ஒரு வரியாகக்கூட வந்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். தெய்வத் திருமேனியையும் இயந்திரத் தகட்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பது முதலாவது. கண்திறப்பும் குடமுழுக்கும் வார்ப்புக்குப் பிறகுதான் நிகழ்கின்றன. அதுவரை உலையில் இருப்பது உலோகம். இயந்திரம் நுழைந்தால் கைத்திறன் அழியும் என்பது இரண்டாவது. இந்த அச்சம் நியாயமானது. பழைய திருமேனியை ஒளிக்கதிரால் அளந்து, மெழுகில் அச்செடுத்து, எத்தனை வேண்டுமானாலும் இன்று வார்த்துவிடலாம். அது ஸ்தபதியின் பிழைப்பையும் கெடுக்கும், போலிகளுக்கும் வழிவகுக்கும். ஆகவே உரு செய்யும் வேலை ஸ்தபதியின் விரல்களிலேயே இருக்கட்டும். நான் கேட்பது, வார்ப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது பொறியாளருக்கும், பொறியாளருக்குத் தெரிந்தது அவருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே.

கங்கைகொண்டசோழபுரத்தில் அருங்காட்சியகம் அமைக்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்திருந்தது. அதில் கண்ணாடிப் பேழைகளுக்கு அருகே ஓர் உலையும் இருக்கட்டும். சுவாமிமலை ஸ்தபதி ஒருவரும் கோவை வார்ப்படச் சாலைப் பொறியாளர் ஒருவரும் அங்கே மாதம் சில நாள் சேர்ந்து வார்க்கட்டும். மீன்சுருட்டியிலும் ஜெயங்கொண்டத்திலும் தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்தும் செய்தும் கற்கட்டும். சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலையும்தான் இம்மாவட்டத்தின் தொழில் என்று நம்பி வளரும் அவர்களுக்கு, உலகம் இன்று தேடும் ஒரு தொழிலின் பழைய வாசல் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது தெரிய வேண்டும்.

களவுபோன ஒரு திருமேனி திரும்பிவர எட்டு ஆண்டுகள் ஆயின. அதற்குப் புகைப்படம் இருந்தது, வழக்கு இருந்தது, கேட்டுவாங்க ஓர் அரசாங்கம் இருந்தது. வாரிசில்லாமல் மூடப்படும் பட்டறைக்கு இவற்றில் எது இருக்கிறது?